ஆற்றை வரைந்தவர்கள் துறையை மறந்தார்கள்: ஓர் இணைய வரைபடச் சேவை பற்றிய மதிப்பீடு

கடந்த நான்கு மாதங்களாக ஓர் இணைய வரைபடச் சேவைக்குச் சந்தா செலுத்திப் பயன்படுத்தி வருகிறேன். கடலை விட்டுத் தள்ளி உள்நாட்டில் எழுந்த நகரங்களை ஆறுகளும் வணிக வழிகளும் எவ்வாறு வளர்த்தன என்பதை நூற்றாண்டு வாரியாகக் காட்டுவதே தன் நோக்கம் என்று அது அறிவித்துக்கொள்கிறது. சேவையின் பெயரை இங்கே குறிப்பிடப் போவதில்லை. இதில் நான் கண்ட குறைகள் இதற்கு மட்டும் உரியவை அல்ல. இவ்வகை வரைபடங்கள் பலவற்றில் காணப்படுபவையே. எனவே இதுபோன்ற வேறொன்றை வைத்திருப்பவருக்கும் இம்மதிப்பீடு பயன்படும் என நினைக்கிறேன்.

சேவையின் அமைப்பு எளிமையானது. உலக வரைபடத்தின் மேல் ஆறுகள், கால்வாய்கள், சாலைகள், பாலைவனச் சாத்து வழிகள் (ஒட்டகங்களோடு வணிகர் கூட்டமாகச் செல்லும் வழிகள்), ரயில் பாதைகள் ஆகியவற்றைத் தனித்தனி அடுக்குகளாக வைத்திருக்கிறார்கள். வேண்டியதை இயக்கி, வேண்டாததை மறைத்துக்கொள்ளலாம். நகரங்கள் வட்டங்களாகத் தெரிகின்றன. மக்கள்தொகை பெருகப் பெருக வட்டமும் பெரிதாகிறது. கீழே உள்ள பட்டையை நகர்த்தினால் ஆண்டுகள் மாறுகின்றன. இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தால் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் அவற்றிடையே சரக்கு கொண்டுசெல்ல எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டுக் காட்டும் கருவியும் உண்டு. விடை எனக்கு முன்பே தெரிந்த நகரங்களை முதலில் தேடுவது என்ற முறையையே நான் கையாண்டேன். புதிய ஊர் ஒன்றைக் காட்டும்போது ஒரு வரைபடம் சொல்வதை நம்பலாமா என்பதை, பழகிய ஊரைக் காட்டும்போது அது என்ன சொல்கிறது என்பதைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.

சிகாகோவில் சேவை மிகச் சிறப்பாகத் தேறியது. மிச்சிகன் ஏரியில் விழும் சிகாகோ ஆற்றுக்கும், மிசிசிப்பி வடிநிலத்தைச் சேர்ந்த டெஸ் பிளெய்ன்ஸ் ஆற்றுக்கும் இடையே இருந்தது தாழ்வான ஒரு சதுப்பு மேடு மட்டுமே. அங்கே படகைச் சுமந்தோ இழுத்தோ கடந்துவிட்டால் பேரேரிகளிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை நீர்வழியே போகலாம். அப்பகுதியின் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இவ்வழியாகத்தான் 1673-இல், மிசிசிப்பியைக் கண்டறியச் சென்ற ஷாக் மார்க்கெத்தும் லூயி ஜோலியேயும் திரும்பினார்கள். இங்கே ஒரு கால்வாய் வெட்டினால் போதும் என்ற எண்ணம் அப்போதே ஜோலியேவுக்குத் தோன்றியது. ஆனால் சுமார் 154 கிலோமீட்டர் நீளமுள்ள இல்லினாய்–மிச்சிகன் கால்வாய் திறக்கப்பட்டது 1848-இல்தான். அதே ஆண்டில் நகரின் முதல் ரயில் பாதை ஓடத் தொடங்கியது. தானிய வணிகர்கள் கூடும் வணிக வாரியமும் அதே ஆண்டில் அமைந்தது. ஆண்டுப் பட்டையை 1840-இலிருந்து மெல்ல நகர்த்தும்போது, ஐயாயிரம் பேர்கூட இல்லாத ஒரு புள்ளி 1860-இல் ஒரு லட்சத்தைக் கடப்பதையும் 1890-இல் பத்து லட்சத்தைத் தாண்டுவதையும், முதலில் ஒரு நீலக்கோடும் பின்னர் பத்துப் பன்னிரண்டு கறுப்புக் கோடுகளும் அப்புள்ளியில் வந்து சேர்வதையும் பார்க்க முடிகிறது. ரயில், தனக்குப் பிடித்த புதிய இடத்தைத் தேடிப் போகவில்லை. நீர்வழி ஏற்கெனவே சரக்கையும் பணத்தையும் ஆட்களையும் கொண்டுவந்து சேர்த்திருந்த இடத்தில் போய் இறங்கியது. ஒரு பாடநூல் பல பக்கங்களில் சொல்வதை இங்கே ஒரு விரலசைவில் காணலாம். இதற்காகவே சந்தா செலுத்தலாம் என்று முதல் வாரத்தில் நான் நினைத்தேன்.

கணக்கிடும் கருவியும் முதற்பார்வையில் நம்பிக்கை தந்தது. சாலையில் ஒரு குதிரை இழுக்கும் சுமை ஒரு டன் அளவில் நின்றுவிடும். அதே குதிரை கால்வாய்க் கரையோரம் நடந்தபடி சுமார் 30 டன் ஏற்றிய படகை இழுத்துச் செல்லும். இந்த வேறுபாட்டைக் கருவி ஒழுங்காகக் கணக்கில் கொள்கிறது. 584 கிலோமீட்டர் நீளமுள்ள ஈரி கால்வாய் திறந்த 1825-க்கு முன்னும் பின்னும் பஃபலோவிலிருந்து நியூயார்க்குக்கு மாவு அனுப்பிப் பார்த்தேன். செலவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியது. வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவும் அதுவே.

ஆனால் அதே பஃபலோவில்தான் எனக்கு முதல் ஐயமும் எழுந்தது. பஃபலோ வளர்ந்தது கால்வாய் அதன் வழியே ஓடியதால் அன்று. கால்வாய் அங்கே, ஈரி ஏரியின் கரையில், முடிந்ததால். ஏரிக் கப்பல் கால்வாய்க்குள் நுழைய முடியாது, கால்வாய்ப் படகு ஏரி அலைக்குத் தாங்காது. ஆகவே மேற்கிலிருந்து வந்த ஒவ்வொரு மூட்டைத் தானியமும் அங்கே இறக்கப்பட்டு, அளக்கப்பட்டு, மீண்டும் ஏற்றப்பட்டாக வேண்டும். அந்த வேலை மனித முதுகால் தாங்க முடியாத அளவுக்குப் பெருகியபோது, 1842-இல் ஜோசப் டார்ட் நீராவியால் இயங்கும் தானியத் தூக்கியையும் கிடங்கையும் அங்கே கட்டினார். கருவியோ ஏரியிலிருந்து கால்வாய்க்கும் கால்வாயிலிருந்து ஹட்சன் ஆற்றுக்கும் சரக்கைத் தங்குதடையின்றி வழுக்கிச் செல்ல விடுகிறது. அதன் கணக்கில் பஃபலோ என்பது கோட்டின் மேல் உள்ள ஒரு பெயர் மட்டுமே.

இச்சேவையின் அடிப்படைக் குறை இதுவே. ஆறு ஓடுமிடமெல்லாம் நகரம் எழுவதில்லை. ஆற்றுப் பயணம் நிற்க நேரும் இடத்தில்தான் எழுகிறது. சரக்கு நின்றால் அதை இறக்கக் கூலியாள் வேண்டும், மழையில் நனையாமல் வைக்கக் கிடங்கு வேண்டும், அடுத்த படகோ வண்டியோ வரும்வரை வணிகர் தங்க விடுதி வேண்டும், விற்று முடிக்கும்வரை கடன் கொடுப்பவரும், விலை பேசித் தருகிற தரகரும், எடையைச் சரிபார்க்கிற அதிகாரியும் வேண்டும். இவர்கள் எல்லாரும் குடியேறிய பிறகு, சரக்கை அங்கேயே பதப்படுத்தினால் என்ன என்று ஒருவருக்குத் தோன்றுகிறது, ஆலை வருகிறது. போக்குவரத்து முறியும் இடத்தில் நகரம் முளைக்கிறது என்ற இக்கருத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லஸ் கூலி 1894-இலேயே தெளிவாக முன்வைத்துவிட்டார். சேவையை வடிவமைத்தவர்கள் ஓட்டத்தைக் காட்ட எடுத்துக்கொண்ட உழைப்பில் கால் பங்கையாவது நிறுத்தத்தைக் காட்ட எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதன் விளைவை காங்கோ ஆற்றில் வெளிப்படையாகப் பார்க்கலாம். வரைபடத்தில் அது கண்டத்தின் உட்பகுதியிலிருந்து அட்லாண்டிக் வரை ஒரே தடிமனில் ஓடும் நீலக்கோடு. அதைப் பார்க்கும் மாணவர், கின்ஷாசா ஏன் கடல்முகத்தில் இல்லாமல் பல நூறு கிலோமீட்டர் உள்ளே போய் அமர்ந்திருக்கிறது என்று நியாயமாகவே வியப்பார். விடை, வரைபடம் வரையாமல் விட்ட லிவிங்ஸ்டன் அருவித் தொடரில் இருக்கிறது. மேலாற்றில் நெடுந்தூரம் கலம் செலுத்தலாம். மலேபோ குளம் எனப்படும் அகன்ற நீர்ப்பரப்புக்குக் கீழே ஆறு பாறைகளிடையே சீறி இறங்குவதால் எந்தக் கலமும் போக முடியாது. ஆகவே கின்ஷாசா நிற்கும் இக்குளத்தின் கரையில் எல்லாமே இறங்க வேண்டும். நீராவிப் படகுகளைக்கூடத் துண்டு துண்டாகக் கழற்றி, சுமையாட்களின் தலையில் ஏற்றித்தான் மேலே கொண்டுபோனார்கள். 1890-இல் தொடங்கி 1898-இல் முடிந்த, அருவிகளுக்குக் கீழே உள்ள மத்தாடி துறைமுகத்தையும் குளக்கரையையும் இணைக்கும் ரயில் பாதை இந்த அருவித் தொடரைச் சுற்றிச் செல்வதற்காகவே போடப்பட்டது. எதிர்க்கரையில் இருந்த பிராசவில்லும் 1921-க்கும் 1934-க்கும் இடையில், பெரும் உயிரிழப்புடன், கடற்கரைக்குத் தனியாக ஒரு ரயில் பாதை போட்டுக்கொண்டது. ஒரே ஆற்றின் இரு கரைகளில் இரண்டு நாட்டுத் தலைநகரங்கள் நேருக்கு நேர் நிற்பதற்கான காரணத்தை, அருவி அடுக்கு ஒன்று இருந்திருந்தால், எவரும் தாமே கண்டுகொள்வார்கள். நயாகராவுக்கு மட்டும் நீர்வீழ்ச்சிச் சின்னம் உண்டு. அதைத் தொட்டால் அழகான புகைப்படம் ஒன்று திறக்கிறது. கப்பல்கள் அதை எவ்வாறு சுற்றிப் போயின என்பது பற்றி ஒரு வரியும் இல்லை.

ஒஹாயோ ஆற்றில் பெரிய தடையாக இருந்த ஒரே பாய்ச்சலின் அருகில் லூயிவில் எழுந்ததும், அமெரிக்கக் கிழக்குக் கரைச் சமவெளி மேட்டுநிலத்தோடு சேரும் கோட்டில் ரிச்மண்ட், கொலம்பியா, அகஸ்டா போன்ற ஊர்கள் வரிசையாக நிற்பதும் இதே காரணத்தால்தான். கடலிலிருந்து வரும் படகு அந்தப் பாறைப் படியோடு நின்றுவிடும். விழும் நீர் ஆலைச் சக்கரத்தைச் சுழற்றும். படகைச் சுமந்து கடக்கும் தேவை போய் நூறாண்டுக்கு மேலான பின்னும் இவ்வூர்கள் தம்மைச் சுற்றியுள்ள இடங்களைவிட அடர்த்தியாகவே நீடிக்கின்றன என்பதைப் பொருளியலாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். சேவையில் இவ்வூர்களின் வட்டங்கள் ஒரு கோட்டில் அமைந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. அது என்ன கோடு என்பதுதான் தெரிவதில்லை.

இயற்கை போட்ட தடையைச் சட்டம் பன்மடங்காக்குவதும் உண்டு. கொலோன் நகரை எடுத்துக்கொள்ளலாம். ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஓடும் ஆழமான கலங்களும் மேற்பகுதியில் ஓடும் தட்டையான கலங்களும் வேறு வேறானவை என்பதால் சரக்கு மாற்ற அது இயல்பான இடமாக இருந்தது. 1259-இல் பேராயர் கொன்ராட், ஆற்றில் வரும் வணிகர் எவராயினும் சரக்கை இறக்கி மூன்று நாள் நகரத்தாருக்கு விற்பனைக்கு வைத்த பிறகே பயணத்தைத் தொடரலாம் என்ற உரிமையை நகருக்கு உறுதி செய்தார். அது முற்றாக ஒழிந்தது 1831-இல். ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகள் ஆற்றையே தன் வாசலில் நிறுத்தி வைத்த ஒரு நகரத்தைப் பற்றிய குறிப்பில், சேவை தேவாலயத்தைப் பற்றி நான்கு பத்தி எழுதியிருக்கிறது. கணக்கிடும் கருவியில் 1400-ஆம் ஆண்டைப் போட்டு பாசலிலிருந்து கடல்முகம் வரை மது அனுப்பினேன். கொலோனில் ஒரு மணி நேரம்கூட நிற்காமல் பீப்பாய்கள் போய்ச் சேர்ந்தன. வழியெங்கும் இருந்த சுங்கச் சாவடிகளும் ஒரு காசு வாங்கவில்லை. அந்தக் கால வணிகர்கள் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

சேவை பெருமையோடு விளம்பரப்படுத்தும் அம்சம் ஒன்று உண்டு. நிலத்தின் அமைப்பை மட்டும் வைத்து, எங்கெல்லாம் பெருநகரம் எழ வாய்ப்பு அதிகம் என்று செந்நிற ஒளியால் அது காட்டுகிறது. ஆறுகள் கூடும் இடங்களுக்கு அது அதிக மதிப்பெண் தருகிறது என்பதைச் சிறிது நேரத்திலேயே கண்டுகொள்ளலாம். கூடல் என்பதே பெயராக அமைந்த கோப்லென்ஸ் ஒளிர்கிறது. கார்ட்டூம், லியோன், பிட்ஸ்பர்க் எல்லாம் ஒளிர்கின்றன. வட அமெரிக்காவில் எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக ஒளிரும் இடம், ஒஹாயோவும் மிசிசிப்பியும் சேரும் இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோ. அந்த ஊரின் மக்கள்தொகை 1920-இல் 15,000-ஐச் சற்றே கடந்து உச்சம் தொட்டது. 2020 கணக்கெடுப்பில் இரண்டாயிரத்துக்கும் கீழே போய்விட்டது.

இது கருவியின் தனிப்பட்ட பிழை அன்று. 19-ஆம் நூற்றாண்டில் பணம் போட்டவர்களும் இதே தவற்றைச் செய்தார்கள், வரைபடத்தைப் பார்த்து இங்கே பெருநகரம் எழாமல் போகாது என்று நம்பினார்கள். தாழ்ந்த நிலம், இரு பக்கமும் வெள்ளம், கரை கட்டிக் கரை கட்டியே வாழ வேண்டிய நிலை என்பவை ஒரு காரணம். 20-ஆம் நூற்றாண்டின் இன வன்முறையும் ஊரைக் காலி செய்ததில் பங்கு வகித்தது. சேவையின் குறிப்பு வெள்ளத்தோடு நிறுத்திக்கொள்கிறது. ஆனால் அடிப்படையான காரணம் வேறு என்பது என் எண்ணம். ஒஹாயோவில் வந்த நீராவிப் படகு கெய்ரோவில் நிற்க வேண்டிய தேவையே பெரிதாக இல்லை. அதே படகு, அதே சரக்கோடு, மிசிசிப்பியில் திரும்பி நியூ ஆர்லியன்ஸ் வரை போய்விடலாம். மேலே உள்ள செயின்ட் லூயிஸில் நிலைமை அப்படியன்று. அதற்கு வடக்கே ஆறு ஆழம் குறைவு. தெற்கிலிருந்து வரும் பெரிய படகு சரக்கைச் சிறிய படகுகளுக்கு மாற்றியே ஆக வேண்டும். மிசௌரி ஆறு சேருமிடத்துக்குச் சற்றுக் கீழே உயர்ந்த கரையில் 1764-இல் நிறுவப்பட்ட அவ்வூர் பெருநகரமானதும், இரண்டு பேராறுகளின் முனையிலேயே நின்ற கெய்ரோ ஆகாமல் போனதும் இந்த ஆழ வேறுபாட்டைப் பார்க்காமல் விளங்காது. செயின்ட் லூயிஸும் பின்னால் சிகாகோவிடம் தோற்றது. மிசிசிப்பியின் மேல் முதல் ரயில் பாலம் 1856-இல் ராக் ஐலண்டில், சிகாகோவின் பக்கமாக அமைந்தது. திறந்த சில வாரங்களிலேயே ஒரு நீராவிப் படகு அதில் மோதி எரிந்து, வழக்கு நடந்து, அதில் பாலத்தின் தரப்பில் வாதாடியவர்களுள் ஒருவராக ஆபிரகாம் லிங்கன் நின்றார். செயின்ட் லூயிஸுக்குத் தன் பாலம் கிடைத்தது 1874-இல். இந்தப் பகுதியைச் சேவை நன்றாகவே காட்டுகிறது. பாலம் கட்டிய ஆண்டுகள் துல்லியமாக உள்ளன.

ஆனால் வூஹானில் அந்தத் துல்லியம் காணாமல் போய்விடுகிறது. ஹான் ஆறு யாங்சியில் சேருமிடத்தில் மூன்று தனித்தனி நகரங்களாக வளர்ந்த அவ்வூரின் வட கரைக்கு 1906-இல் பெய்ஜிங்கிலிருந்து ரயில் வந்தது. தென் கரையிலிருந்து குவாங்சோவுக்குப் பாதை நிறைவுற்றது 1936-இல். இடையே யாங்சியின் மேல் பாலம் திறக்கப்பட்டது 1957-இல்தான். அதுவரை ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். வரைபடம் 1936-இலிருந்தே ஆற்றின் மேல் தடையற்ற கறுப்புக் கோடு ஒன்றை இழுத்துவிட்டது.

சாத்து வழிகளின் அடுக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேவையின் மிகப் பலவீனமான பகுதி அது. சகாரா வழிகளை அழகான வளைகோடுகளாக வரைந்திருக்கிறார்கள். ஒட்டகச் சாத்து கிணற்றிலிருந்து கிணற்றுக்குத்தான் போகும். கிணறுகள் இல்லாத சாத்து வழி வெறும் அலங்காரம். டிம்பக்டுவை நைஜர் ஆற்றங்கரையிலேயே வைத்திருப்பதும் தவறு. ஊர் ஆற்றிலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே, வெள்ளம் எட்டாத மணல் விளிம்பில் இருக்கிறது; ஆற்றுத் துறையாக இருந்தது கபாரா. வடக்கே பாலைவனச் சுரங்கங்களிலிருந்து உப்புப் பாளங்களைச் சுமந்துவந்த ஒட்டகமும், தெற்கேயிருந்து தானியமும் பொன்னும் கொண்டுவந்த படகும் சந்திக்க வேண்டிய இடம் என்பதாலேயே அது நகரமானது. அந்தச் சில கிலோமீட்டர் இடைவெளியை அழித்துவிட்டால் ஊரின் கதையையே அழித்ததாகும்.

எல்லாவற்றையும்விட என்னை வியப்பில் ஆழ்த்திய பிழை வேறு. ஆண்டுப் பட்டையை எங்கே நகர்த்தினாலும் நகரங்கள் மாறுகின்றன, சாலைகள் மாறுகின்றன, ஆறுகள் மட்டும் இன்று ஓடும் தடத்திலேயே ஓடுகின்றன. மஞ்சள் ஆறு பல நூற்றாண்டுகள் தெற்கே திரும்பி மஞ்சள் கடலில் விழுந்துகொண்டிருந்தது. 1855-இல்தான் கரை உடைத்து வடக்கே பாய்ந்து போஹாய் கடலைச் சென்றடைந்தது. அந்தத் தடமாற்றம் சீனப் பெருங்கால்வாயைக் குறுக்கே வெட்டியது. தலைநகருக்குச் செல்லும் தானியப் படகுகளாலும் சுங்கத்தாலும் மிங் காலத்தில் செழித்த லின்சிங் போன்ற கால்வாய் நகரங்கள் சரிந்ததற்கு அது பெரிய காரணம். 1912-இல் நிறைவுற்ற தியன்ஜின்–புகோ ரயில் பாதையும் லின்சிங்கை ஒதுக்கிவிட்டுப் போனது. பாடலிபுத்திரத்துக்கும் இதே கதி. கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ் கண்ட நகரம் கங்கையும் சோன் ஆறும் கூடுமிடத்தில் இருந்தது. சோன் பின்னர் மேற்கே விலகிப் போய்விட்டது. வரைபடத்தில் கி.மு. 300-இலும் அது விலகியே ஓடுகிறது. ஆறுகள் நகரங்களை வளர்த்ததைக் காட்ட முற்பட்ட ஒரு சேவை, ஆறுகளே நகரங்களைக் கைவிட்டதைக் காட்ட மறந்தது விந்தை.

நியாயம் கருதி இரண்டைப் பாராட்ட வேண்டும். ஆறோ ஏரியோ கடலோ துணையில்லாமல், 1886-இல் கண்டெடுத்த பொன்னை மட்டும் நம்பி எழுந்த ஜோகன்னஸ்பர்க்குக்கான குறிப்பில், இந்நகரம் தங்கள் கருவியின் கணிப்புக்குள் அடங்காது என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, இன்றைய நீர்மட்டங்களைக் காட்டும் அடுக்கு. ரைன் ஆற்றங்கரையில் காப் என்ற ஊரில் உள்ள நீர்மட்ட அளவுகோல் 2018 அக்டோபரில் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியதையும், அது ஆற்றின் ஆழமன்று, கப்பல் தடத்தின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கும் சற்று அதிகம் என்பதையும் தெளிவாக விளக்கியிருக்கிறார்கள். அந்நாட்களில் சரக்குப் படகுகள் தம் கொள்ளளவில் சிறு பகுதியையே ஏற்றிக்கொண்டு ஓடின. கரையோர ஆலைகள் மூலப்பொருள் போதாமல் உற்பத்தியைக் குறைத்தன. ஆற்றை நம்பிய நகரங்கள் இன்றும் ஆற்றை நம்பியே இருக்கின்றன என்பதை உணர்த்தும் இந்த அடுக்கு ஒன்றே சேவையில் தடையையும் நிறுத்தத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது.

பயன்பாட்டைப் பொறுத்தவரை, கணினியில் விரைவாகவும் கைபேசியில் பொறுமையைச் சோதிக்கும் வகையிலும் இயங்குகிறது. வரைபடத்தைப் பெரிய தாளில் அச்சிட்டுக்கொள்ளும் வசதி நன்று. தமிழ் இடைமுகம் இல்லை. வகுப்பில் பயன்படுத்த நினைக்கும் ஆசிரியர்கள் வாங்கலாம். ஆனால் அருவிகள், ஆழம் மாறும் இடங்கள், சுங்கத் துறைகள் ஆகியவற்றை அச்சிட்ட தாளின் மேல் கையால் குறித்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன். செந்நிற ஒளிக் கணிப்பை மாணவர்களுக்குக் காட்டுவதாயின் கெய்ரோவில் தொடங்குங்கள், விவாதம் தானே எழும்.

மஞ்சள் ஆறு குறித்து இரண்டாம் மாதத்தில் அவர்களுக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து நன்றி கூறிப் பதில் வந்தது. சென்ற வாரம் புதுப்பித்த வரைபடத்தில் 1855-இல் ஆறு உண்மையிலேயே தடம் மாறுகிறது. பெருங்கால்வாயின் நீலக்கோடோ, குறுக்கே ஒரு பேராறு பாய்ந்த பிறகும், 1856-இல் அப்படியே அறுபடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. லின்சிங்கின் வட்டமும் சுருங்கவில்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.